ஃபேமிலி கவுன்சலிங் போனா என்ன நடக்கும்? நாங்க போன கதை

யாரு பக்கம் நியாயம்னு தீர்ப்பு சொல்லுவாங்கன்னு நெனச்சி போனீங்கன்னா வெறுங்கையோடதான் திரும்பி வருவீங்க, அத முதல்லயே சொல்லிடறேன். எங்க அப்பாவும் தங்கச்சியும் ஆளுக்கொரு கேஸ் ரெடி பண்ணிக்கிட்டுதான் வந்தாங்க.

விசயம் இதான். அம்மா தவறுனப்ப தங்கச்சி பினாங்கு யுஎஸ்எம் யூனிவர்சிட்டில ஃபைனல் எக்சாம்ல இருந்தா. அம்மாவுக்கு எவ்ளோ முடியலன்னு அவகிட்ட சொல்ல வேணாம், எக்சாம் முடியட்டும்னு அப்பா முடிவு பண்ணாரு. அவ பஸ் ஏறி வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சி. அதுலேர்ந்து கோலாலம்பூர் செந்தூல்ல ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. "அவ சாப்ட்டாளான்னு கேளு", "அப்பாகிட்ட சொல்லிடு, இன்னிக்கு லேட்டாவும்னு", எல்லாத்துக்கும் நடுவுல நான் தபால்காரி. தம்பி சிங்கப்பூர்ல, தப்பிச்சிட்டான்.

ஆள் தேடறதுக்கு முன்னாடி ஒன்னு தெரிஞ்சிக்கங்க. மலேசியாவுல கவுன்சலர்னு சொல்லி தொழில் பண்ணணும்னா 1998 கவுன்சலர் சட்டப்படி, அதான் ஆக்ட் 580, லெம்பாகா கவுன்சலர்ல, அதாவது கவுன்சலர் வாரியத்துல, பதிஞ்சிருக்கணும். பேருக்குப் பின்னாடி கேபி (பதிவு), பிஏ (தொழில் செய்யற சான்று)ன்னு நம்பர் போட்டிருப்பாங்க, அத கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க, இன்ஸ்டாகிராம்ல லைஃப் கோச்னு சுத்துற ஆளுங்க வேற இவங்க வேற. மருந்து எழுதறதும் இவங்க வேல இல்ல, அது சைக்கியாட்ரிஸ்ட். நான் விசாரிச்சப்ப கேஎல் பக்கம் தனியார்ல ஒரு செஷனுக்கு 150லேர்ந்து 300 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் சொன்னாங்க, அதுக்கு மேலயும் சொன்னாங்க. கட்டுப்படியாவலன்னா அரசாங்கத்தோட குடும்ப மேம்பாட்டு வாரியம், எல்பிபிகேஎன்னு சொல்லுவாங்க, அங்க குடும்ப கவுன்சலிங் இருக்கு, சில யூனிவர்சிட்டி சென்டர்ல சீனியர் மேற்பார்வையில ட்ரெய்னிங்ல இருக்கறவங்க பாக்கறாங்க, அங்க காசு கம்மி. நான் தமிழ் பேசற ஆளா தேடுனதுக்கு காரணம் அப்பாதான், அவருக்கு இங்கிலீஷ் தெரியும் ஆனா கோவமும் அழுகையும் தமிழ்ல மட்டும்தான் வரும்.

இன்னொன்னு, வீட்ல அடி உதை, மிரட்டல்னு இருந்துச்சின்னா எல்லாரும் ஒன்னா உக்கார்ற கவுன்சலிங்குக்கு நேரா போயிடாதீங்க, அங்க வாய் தொறந்து சொன்னதுக்கு வீட்டுக்கு வந்து அடி வாங்க வேண்டி வரும். அதுக்கு முதல்ல தாலியான் காசிஹ்னு (Talian Kasih) அரசாங்க உதவி லைன், 15999, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

அப்பாவ கெளப்பறதுதான் பெரும்பாடு. "நான் என்ன பைத்தியமா, வீட்டு விசயத்த ஊருக்கு சொல்லணுமா"ன்னு ஒரே சத்தம். நீங்க வரலன்னா அவ சொல்றத மட்டும்தானே அவங்க கேப்பாங்கன்னு சொன்னேன், அடுத்த நிமிசம் சட்டைய அயர்ன் பண்ண ஆரம்பிச்சிட்டாரு. செந்தூல் ரயில்வே வொர்க்‌ஷாப்ல வேல செஞ்சி பென்சன் வாங்கறவரு, கிராப் டாக்சி எல்லாம் காசுக்கு கேடு, கொம்யூட்டர் ரயில்லதான் போவணும்னுட்டாரு, அதனால செந்தூல்லேர்ந்து கேஎல் சென்ட்ரல் எறங்கி பிரிக்ஃபீல்ட்ஸ்ல வெயில்ல நடந்தோம், தங்கச்சி முன்னாடி, அப்பா பின்னாடி, சொல்லவே வேணாம் நான் எங்கன்னு.

சோபால சாஞ்சி படுத்துக்கிட்டு பேசறதெல்லாம் இல்ல. ஷாப்லாட் கடை மாடியில சின்ன ரூம், நாலு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா, தம்பிக்கு லேப்டாப்ல வீடியோ கால். முதல்ல ஃபாரம்ல கையெழுத்து. பேசறது வெளிய போவாது, ஆனா யாரு உயிருக்காவது ஆபத்துன்னாலோ, சின்னப் பிள்ளைங்களுக்கு கொடுமை நடக்குதுன்னாலோ, கோர்ட்டு கேட்டாலோ சொல்ல வேண்டி வரும்னு கவுன்சலர் வெளக்குனாங்க. அதோட தனியா எனக்கு மெசேஜ் போட்டு ரகசியம் சொல்லாதீங்க, சொன்னா அத செஷன்ல வச்சி பேசலாம்னுதான் சொல்லுவேன்னாங்க. தங்கச்சி அப்புறமும் ஒரு நீட்டு வாட்ஸ்அப் போட்டுப் பாத்தா, அதே பதில்தான் வந்துச்சி.

அப்புறம் கேள்வி. இந்த கேள்வி கேக்கற விதம்தான் எனக்கு புதுசு. "அங்கிள் நீங்க ஏன் சொல்லல"ன்னு ஒரு தடவகூட நேரா கேக்கல. என்னப் பாத்து, "அப்பா பேசாம ரூமுக்குள்ள போயிட்டா தங்கச்சி என்ன செய்யும்?" அப்புறம் தம்பிகிட்ட, "அக்கா நடுவுல போவலன்னா வீட்ல என்ன ஆவும்?" ஒருத்தரப் பத்தி இன்னொருத்தருகிட்டதான் கேக்கறாங்க. அப்பா கதவ சாத்துனா இவ டிவி சத்தத்த கூட்டுவா, சத்தம் கூடுனா அவரு இன்னும் வெளிய வர மாட்டாரு, அத நான் வாயால சொல்லும்போது ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தலை நிமிந்தாங்க.

பாதி நேரத்துக்கு மேல அப்பா வாயே தொறக்கல. வைட்போர்டுல கவுன்சலர் குடும்பப் படம் போட ஆரம்பிச்சாங்க, ஜெனோகிராம்னு பேரு, ஆம்பளைக்கு கட்டம், பொம்பளைக்கு வட்டம், இறந்தவங்களுக்கு மேல பெருக்கல் மாதிரி குறுக்க கோடு, சண்டைன்னா நெளிநெளியா கோடு. அம்மா வட்டத்து மேல அந்த பெருக்கல் கோட்ட போடறதுக்கு முன்னாடி போடலாமான்னு கேட்டுட்டுதான் போட்டாங்க. அப்பா கூடப் பொறந்தவங்க வரிசைக்கு வந்ததும் இவரு எழுந்திரிச்சி நின்னுட்டாரு, "எங்க பெரியண்ணன விட்டுட்டீங்கம்மா". எங்களுக்கு பெரியப்பான்னு ஒருத்தர் இருந்ததே தெரியாது. ஊருக்குப் போன எடத்துல செத்துட்டாராம், அப்ப அப்பாவுக்கு பரீச்சை நேரம், தாத்தா பாட்டி சொல்லவே இல்லையாம், எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சிச்சாம். மார்க்கர வாங்கி கட்டத்த அவரே போட்டு, கோடும் அவரே போட்டாரு, கோணலா. தங்கச்சி ஒன்னும் சொல்லல. ஆனா டிஷ்யூ டப்பாவ அவரு பக்கம் தள்ளி வச்சா.

உடனே கட்டிப்புடிச்சி அழுதாங்கன்னு நெனைக்காதீங்க, திரும்பி வரும்போதும் அதே வரிசையிலதான் நடந்தோம். அட்வைஸ்னு ஒன்னும் குடுக்கல, அப்பா வெளிய வந்து "இதுக்கா இவ்ளோ காசு"ன்னாரு. குடுத்தது ஒரே ஒரு வேல, அதுவும் எனக்கு. அடுத்த செஷன் வரைக்கும் யாரு சேதியையும் யாருக்கும் தூக்கிட்டுப் போவக்கூடாது.

அய்யோ, அந்த நாளுங்கதான் படுமோசம். அப்பா சமையக்கட்டுல நின்னு என்னப் பாப்பாரு, நான் ஃபோன பாப்பேன். துணி மடிக்கறதுலேர்ந்து குப்ப போடறது வரைக்கும் சண்ட. முன்னவிட மோசமா இருக்கேன்னு கவுன்சலருக்கு ஃபோன் போட்டேன், ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், பழகுனது மாறும்போது வீடு கொஞ்சம் ஆட்டம் காணும்னாங்க. கடைசியில சமையல் காஸ் முடிஞ்சிருச்சி, நான் வேலையில. அப்பா தங்கச்சிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு: "காஸ் இல்ல. அப்பா பேசறேன்." அவ ரெண்டு டாப்பாவ் (பார்சல்) மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிட்டு வந்தா.

இன்னமும் போயிட்டுதான் இருக்கோம், முன்ன ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், இப்ப மாசத்துக்கு ஒன்னு. அம்மா அலமாரிய தொறக்கறதா வேணாமான்னு இப்ப புதுசா ஒரு சண்ட, ஆனா இது அவங்க ரெண்டு பேரே நேரா போட்டுக்கற சண்ட, நான் பக்கத்து ரூம்ல டிராமா பாத்துக்கிட்டு இருப்பேன். போன செஷன்ல அப்பா, சின்னம்மாவையும் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டாரு, ஆஸ்பத்திரியில அம்மா கூட கடைசி வரைக்கும் இருந்தது அவங்கதான். எல்லாரும் சரின்னா வரட்டும்னு கவுன்சலர் சொல்லிட்டாங்க. தம்பி சரின்னுட்டான், நானும் சரின்னுட்டேன், தங்கச்சி யோசிச்சி சொல்றேன்னிருக்கா.