கொசியுஸ்கோ மெயின் ரேஞ்ச் சுற்று: ஆற்றை முதலில் கடந்துவிடுங்கள்

ஆஸ்திரேலியாவின் உச்சி கொசியுஸ்கோ, 2,228 மீட்டர். திரெட்போவில் சேர்லிஃப்ட் ஏறி 6.5 கி.மீ. நடந்தால் போதும், போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். பனியாறு குடைந்த ஏரிகளையும் மேற்குச் சரிவையும் பார்க்க ஆசையென்றால் சார்லட் பாஸிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அந்தப் பனிச்சறுக்கு ஊருக்குச் சற்று மேலே, சாலை முடியும் இடத்தில் தொடங்குகிறது 22 கி.மீ. மெயின் ரேஞ்ச் சுற்று. 7 முதல் 9 மணி நேரம் பிடிக்கும்.

வட்டப்பாதைதானே, எந்தப் பக்கம் தொடங்கினால் என்ன என்று தோன்றும். இங்கே அப்படி இல்லை. இடப்பக்கம் போவது பழைய சம்மிட் ரோடு; வலப்பக்கம் ஸ்னோயி ஆற்றுக்குச் செங்குத்தாக இறங்கும் பாதை. வலப்பக்கமே போங்கள். இங்கே ஆற்றைக் கற்களில் கால் வைத்துத்தான் தாண்ட வேண்டும். அங்கே கோடை தொடங்கும் நவம்பர், டிசம்பரில் பகல் வெயிலுக்குப் பனி உருகுவதால் காலையில் கணுக்காலளவு ஓடும் தண்ணீர் பிற்பகலில் ஏறிவிடும். இடிமழை பெய்தாலும் அதே கதைதான். இடப்பக்கம் தொடங்கியவர் 20 கி.மீ.க்கு மேல் நடந்து வந்து, கற்கள் மூழ்கிய ஆற்றின் அக்கரையில் நின்று, கார் நிற்கும் மேட்டை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். காலையிலேயே ஆறு பொங்கினால் உங்களுக்கு நஷ்டம் ஒரு மணி நேரம்கூட இல்லை. மேலேறி வந்து சம்மிட் ரோட்டில் உச்சிக்குப் போய்த் திரும்புங்கள். ஒருவழி 9 கி.மீ.; அந்த வழியில் ஆற்றுக்குப் பாலம் உண்டு.

தாண்டும்போது பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பை உங்களைத் தண்ணீருக்குள் அழுத்தாது. கல்லுக்குக் கல் தாவுவதைவிட ஷூவோடு தண்ணீரில் இறங்கி நடப்பது நல்லது. சாக்ஸ் இன்னொரு ஜோடி இருக்கட்டும்.

அடுத்து கிளப் லேக் ஓடை, பிறகு ஏற்றம். சுமார் 5 கி.மீ.யில் ப்ளூ லேக்குக்குக் கிளைப்பாதை பிரியும். தவறவிடக் கூடாத இடம்: 28 மீட்டர் ஆழம், 1996 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. இந்த ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் கூடாரம் போடத் தடை. தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். முகட்டில் ஊற்று கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஓடைத் தண்ணீரானால் கொதிக்க வைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும்.

கரதர்ஸ் சிகரம் 2,145 மீட்டர். மேற்கே தரை அப்படியே கீகி பள்ளத்தாக்குக்குச் சரிந்து விழுகிறது; மொத்த நடையிலும் இதற்கு இணையான காட்சி இல்லை, கொசியுஸ்கோ உச்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இங்கிருந்து முல்லர்ஸ் பாஸ் கணவாய் வரை மேற்குக் காற்று வலது காதில் அறையும். ஓரத்தில் சரளைமேல் ஒட்டிக் கிடக்கும் குட்டைப் புதர்களைக் குனிந்து பாருங்கள். காற்றடிக்கும் பக்கம் காய்ந்து வெறும் குச்சியாக இருக்கும், மறுபக்கம் புதுவேர் விட்டுத் தளிர்த்திருக்கும். இப்படியே அந்தச் செடி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்கிறது! கல் பாவிய பாதையை விட்டு ஒரு காலடி வைத்தாலும் அதை மிதித்துவிடுவீர்கள்.

டிசம்பரிலும் கிழக்குச் சரிவில் பனித்திட்டு பாதையை மறிக்கக்கூடும். காலையில் அது இறுகி வழுக்கும், ஊன்றுகோல் உதவும். இன்னொரு தொல்லை மூடுபனி, வழிகாட்டிப் பலகையையே மறைத்துவிடும். பாதையை ஃபோனில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். மலைக்குக் கீழே உள்ள ஜிண்டபைன் ஊரின் பார்வையாளர் மையத்தில் அவசர சமிக்ஞைக் கருவியை இலவசமாகவே இரவல் தருகிறார்கள். கோடையிலும் பனி பெய்யும் ஊர் இது. ஜிண்டபைனைவிட சுமார் 900 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறீர்கள், அதாவது 6 டிகிரி போலக் குறைவு, காற்று தனி. ஜாக்கெட், கையுறை, குல்லாய் ஜனவரியிலும் பையில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் வழியிலுள்ள பெரிஷர் பனிச்சறுக்கு ஊருக்கு மேல் கார் போகாது. நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை சரியான காலம், பூக்களுக்கு ஜனவரி.

உச்சி முடிந்து ராசன் பாஸில் இறங்கினால் கழிப்பறை உண்டு. பிறகு சம்மிட் ரோடுதான். வழியில் சீமன்ஸ் ஹட், 1929இல் கட்டிய கல்வீடு. அதற்கு முந்தைய ஆண்டு பனிப்புயலில் இறந்த இரண்டு பனிச்சறுக்கு வீரர்களின் நினைவாக எழுந்தது. புயலில் சிக்கினால் ஒதுங்கலாம், ராத்தங்கத் திட்டமிடக் கூடாது.

ரோடு சுலபம்தான், ஆனால் நிழலே கிடையாது. பிற்பகல் வெயில் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும். சன்ஸ்கிரீனை முகத்தில் மட்டும் பூசியவர்களுக்குப் பின்கழுத்து உரிந்துவிடும்.