எம்.பி. எடுத்த நிலைப்பாட்டுக்கா, கட்சிக்கா ஓட்டு? வேலூரில் புராஜெக்ட் செய்பவர்களுக்கு

எம்.ஏ. அரசியல் அறிவியலில் இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் முதலில் சறுக்குவது தொகுதி எல்லையில். காட்பாடி வேலூர் மாவட்டம்தான்; ஆனால் மக்களவைக்கு அரக்கோணம் தொகுதி. காட்பாடி ரயில் நிலையத்தில் நின்று "வேலூர் எம்.பி. எப்படி?" என்று கேட்டு நிரப்பிய படிவம் அத்தனையும் வீண். வேலூர் மக்களவைத் தொகுதி என்பது வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளும்தான்.

200 பேரிடம் கேட்கலாம் என்றால் ஆறுக்கும் பிரிக்காதீர்கள். தொகுதிக்கு 33 பேர் வைத்து எதையும் ஒப்பிட முடியாது. வாணியம்பாடியில் 10 பூத், அணைக்கட்டில் 10 பூத், பூத்துக்கு 10 பேர் போதும். அதிலும் ஒவ்வொரு பக்கமும் 100 பேர்தான் என்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் பத்து சதவீதப் புள்ளி வரை பிசகு இருக்கும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் அது குறைந்தது 14 புள்ளி வரை போகும். அதற்குக் குறைந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பாக எழுதக் கூடாது.

கேள்வி வரிசைதான் உயிர். முதலில் "எதைப் பார்த்து ஓட்டுப் போட்டீங்க?" என்று விடைத் தேர்வு எதுவும் தராமல் கேட்டு, சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அடுத்து எம்.பி. பெயர். அதன் பிறகே மசோதா: 2025 ஏப்ரலில் மக்களவையில் 288–232 என நிறைவேறிய வக்ஃப் திருத்த மசோதாவில் உங்கள் எம்.பி. ஆதரவா, எதிர்ப்பா, தெரியாதா? மசோதாவை முதலில் கேட்டுவிட்டால் ஓட்டுக்கான காரணமும் அதுவாகவே மாறிவிடும். சரியாகச் சொன்னவரிடம் "எப்படித் தெரியும்?" என்று கட்டாயம் கேளுங்கள். "அவர் அந்தக் கட்சிதானே" என்பது ஊகம், அதை எம்.பி.யைப் பற்றிய அறிவாகக் கணக்கில் சேர்த்தால் முடிவே தலைகீழாகிவிடும்.

உறுப்பினர் சபையில் போட்ட ஓட்டைப் பார்த்து வாக்காளர் அவரைத் தண்டிக்கிறாரா என்று பார்க்கும் அமெரிக்க ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். அங்கே உறுப்பினர் கட்சிக்கு எதிராக ஓட்டளித்தாலும் பதவி போகாது. இங்கே 1985-இல் அரசியலமைப்பில் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), எப்படி ஓட்டளிக்க வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறியதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போகலாம். தனி நிலைப்பாடு எடுக்கவே இடம் குறைவு என்றால், வாக்காளர் எதை வைத்து எடைபோடுவார்?

2019 வேலூர் தேர்தல் இதற்கு அருமையான பாடம். பணப் பறிமுதலால் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்ட் 5-இல் நடந்தது. அதற்கு முன், ஜூலை 25 அன்று மக்களவையில் அ.தி.மு.க.வின் தேனி எம்.பி. முத்தலாக் மசோதாவை ஆதரித்துப் பேசினார். ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் அதே கட்சி எதிர்த்து வெளிநடப்புச் செய்தது. இரட்டை இலையில் நின்ற ஏ.சி.சண்முகம் 8,141 ஓட்டில் தோற்றார். அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தத்தில் அவர் முன்னிலை. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூரில் தி.மு.க. முன்னிலை. பேசியவர் தேனிக்காரர், ஓட்டுக் கேட்டவர் வேறொருவர். ஆகவே அந்தப் பேச்சுக்காக வாக்காளர் தண்டித்தார் என்றே வைத்தாலும், அது கட்சிக்கு விழுந்தது. "முத்தலாக்கால்தான் தோற்றார்" என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிற்காது: அந்தப் பேச்சு இல்லாவிட்டாலும் முஸ்லிம் வாக்காளர்கள் கணிசமாக உள்ள வாணியம்பாடி அப்படித்தான் ஓட்டளித்திருக்குமா என்பதே முதல் கேள்வியாக வரும்.

அதற்குப் பதில் தேட, பூத் வாரியான முடிவு உள்ள படிவம் 20-ஐ எடுத்து 2014-உடன் ஒப்பிடுங்கள். பூத் எண்ணை நம்ப வேண்டாம். தேர்தலுக்குத் தேர்தல் மாறும். பள்ளியின் பெயர், தெருப் பெயரை வைத்துக் கையால் பொருத்துங்கள். தபால் ஓட்டைத் தனியே ஒதுக்குங்கள். பொருந்தாத பூத்துகளை விட்டுவிட்டு, எத்தனை விட்டீர்கள் என்பதை அட்டவணைக்குக் கீழேயே எழுதுங்கள்.