நாற்பதில் 'யூ' உண்டா?

சமையலறை சிங்க்குக்கு அடியில் குழாய் ஒழுகி, கீழே வைத்த பக்கெட் இரண்டு தடவை நிரம்பிய பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்தவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. தரையில் மல்லாக்கப் படுத்து, முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே "முந்நூற்று நாற்பது டாலர்" என்றார். நான் கார்டை நீட்டினேன். அமெரிக்கா வந்து இத்தனை வருஷத்தில் கார்டை நீட்டியதற்காக ஒருவர் என்னைப் பாவமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கார்டு வாங்குவதில்லை. செக், இல்லையென்றால் கேஷ்."

பர்ஸில் ஒரே ஒரு ஐந்து டாலர் நோட்டு இருந்தது. சரி, போனிலேயே அனுப்பிவிடலாம் என்று "ஸெல் இருக்கிறதா?" என்று கேட்டேன். பேங்குக்குப் பேங்க் பணம் அனுப்புகிற அந்த ஸெல்லைத்தான் சொன்னேன். அவர் சட்டைப் பையைத் தட்டி "செல் இருக்கிறதே, எதற்கு?" என்றார். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. செக் புக்கைத் தேடப் போனேன்.

எங்கே வைத்தேன் என்று யாருக்குத் தெரியும்? கடைசியாக எழுதியது மூன்று வருஷத்துக்கு முன்னால், பையனின் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு. நான் ஒரு டிராயர் விடாமல் கவிழ்த்துக்கொண்டிருக்க, என் மனைவி மாடியிலிருந்தே "என்னங்க, பாஸ்போர்ட் ஃபைலுக்குள்ள பாருங்க" என்றாள். அங்கேதான் இருந்தது. இரண்டு வீட்டுக்கு முந்தைய விலாசம் அச்சடித்த செக் புக். கூடவே, பையனின் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்து நாங்கள் பேங்கில் போட மறந்த இருபத்தைந்து டாலர் செக் ஒன்று. ஆறு மாதம் தாண்டிவிட்டால் அந்தச் செக்குக்குப் பணம் கொடுத்தே தீரவேண்டும் என்று பேங்குக்குக் கட்டாயமில்லை, இதற்கோ நாலு வருஷம் ஆகிவிட்டது. பையன் கண்ணில் படுவதற்குள் ஃபைலுக்குள் திருப்பித் தள்ளினேன்.

பன்னிரண்டு வயசுப் பையன், அதற்குள் வாசனை பிடித்து வந்துவிட்டான். "அப்பா, இது என்ன கூப்பனா?" என்றான். கீழே வரிசையாக இருக்கிற விசித்திரமான எண்களைக் காட்டி, இது காந்த மை, 1950களில் மெஷின் படிப்பதற்காகக் கண்டுபிடித்தது, முதல் ஒன்பது எண் எந்த பேங்க் என்று சொல்லும், அடுத்தது நம் கணக்கு எண் என்றெல்லாம் பெருமையாக விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: "அப்போ நம்ம அக்கவுண்ட் நம்பரைக் காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்தும் போட்டு, முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிடுவோமா?" ஆன்லைனில் எதையும் யாருக்கும் சொல்லாதே என்று அவனுக்குத் தினமும் பாடம் எடுக்கிறவன் நான். "பிளம்பர் காத்திருக்கிறார், தள்ளு" என்றேன்.

செக் எண் 106. பேனாவை எடுத்ததுமே தேதியில் கவிழ்ந்தேன். இந்த ஊரில் மாதம் முன்னால் வரவேண்டும், நான் பழக்க தோஷத்தில் நாளை முன்னால் போட்டு, அடித்து, மேலே எழுதி, அது பார்க்க முருங்கைக்கீரை மாதிரி ஆகிவிட்டது. குறுக்கே 'வாய்ட்', அதாவது செல்லாது, என்று எழுதிக் கிழித்தேன்.

செக் எண் 107. தேதி சரி, பெயர் சரி, கட்டத்துக்குள் 340.00 என்று எண்ணில் போட்டாயிற்று. அடுத்த வரியில் அதையே எழுத்தில் எழுத வேண்டும். மூன்று வந்தது, நூறு வந்தது, நாற்பது என்று எழுதி முடித்துப் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது. ஃபார்ட்டியில் 'யூ' உண்டா இல்லையா? நாலுக்கு உண்டு, அப்போது நாற்பதுக்கு இல்லாமலா போகும்? போனில் தட்டச்சு செய்தால் அதுவே திருத்திவிடுகிறது, இருபது வருஷமாக நான் அந்த வார்த்தையைக் கையால் எழுதவே இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. நான் 'யூ' போட்டிருந்தேன். பையன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். 107-க்கும் வாய்ட்.

பிளம்பர் இதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவசரமில்லை" என்றார். கடைக்காரர்களே இப்போதெல்லாம் செக்கைப் பார்த்தால் ஓடுகிறார்கள் (டார்கெட் என்கிற பெரிய கடைக்காரன்கூட 2024 ஜூலை 15-ஆம் தேதியோடு வாங்குவதை நிறுத்திவிட்டான்), நீங்கள் மட்டும் ஏன் என்று பேச்சுக் கொடுத்தேன். "கார்டு என்றால் நூற்றுக்கு மூன்று டாலர் அவன் எடுத்துக்கொள்கிறான், செக்கில் எனக்கு முழுசாக வருகிறது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2000-இல் இந்த நாட்டில் வருஷத்துக்கு 4,000 கோடிக்கு மேல் செக் எழுதினார்கள், 2021-இல் அது 1,100 கோடிச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சொச்சத்தில் பாதியை இவர்தான் வாங்கியிருப்பார் போல.

செக் எண் 108. நான் எழுத, பையன் பக்கத்தில் நின்று டிக்டேஷன் வாத்தியார் மாதிரி, "ஃபோரில் யூ உண்டு, ஃபார்ட்டியில் கிடையாது, ஆனா ஃபோர்ட்டீனில் உண்டு" என்று ஓதிக்கொண்டே இருந்தான். ஒருவழியாக எழுதி, சென்ட்டுக்குப் பூஜ்யம் கீழ் நூறு என்று பின்னம் போட்டு, மிச்ச இடத்தில் கோடு இழுத்தேன். கையெழுத்துதான் பாக்கி. கடைகளில் கண்ணாடித் திரையில் விரலால் மண்புழு வரைந்தே பழகிய கை, மூன்றாம் எழுத்தில் நின்றுவிட்டது. எப்படியோ முடித்துக் கொடுத்தேன்.

அவர் செக்கை வாங்கி, பின்பக்கம் 'மொபைல் டெபாசிட்டுக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் சமையல் மேடையிலேயே வைத்து, சட்டைப் பையிலிருந்து என்னுடையதைவிடப் புதிய ஐபோன் ஒன்றை எடுத்து, முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் பிடித்து, "போட்டாயிற்று" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் விமானங்கள் நின்றபோது, ஊருக்கு ஊர் செக் மூட்டைகளை ஏற்றிப்போன விமானங்களும் சேர்ந்தே நின்றுபோயின. 2003-இல் ஒரு சட்டம் போட்டு, 2004 அக்டோபரிலிருந்து செக்கின் படத்தை வைத்தே கணக்குத் தீர்த்துக்கொள்ள வழி செய்தார்கள். அத்தனையும் எதற்கு என்றால், நான் ஒரு போனை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுத, இவர் இன்னொரு போனால் அந்தக் காகிதத்தைப் படம் எடுக்க. "அந்தப் போனிலேயே நேராக வாங்கியிருக்கலாமே" என்றேன். "ஆப் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்லிவிட்டு பேங்க் ஆப்பை மூடினார்.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. பேங்க் அவர் கணக்கில் 314 டாலர்தான் ஏற்றியிருக்கிறதாம். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் இங்கே எழுத்துத்தான் செல்லும், அதுதான் சட்டம். என் பேங்க் கணக்கில் செக்கின் படத்தைத் திறந்து பார்த்தேன். கட்டத்துக்குள் அழகாக 340.00. கீழே, ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல், மூன்று நூறு ஃபோர்ட்டீன். வாத்தியார் கடைசியாகச் சொன்ன வார்த்தையை மாணவன் அப்படியே எழுதியிருக்கிறான்.

"மிச்சம் இருபத்தாறை இன்னொரு செக்காகத் தபாலில் அனுப்பிவிடுங்கள்" என்றார். என் மனைவிக்கு அதில் வேறு கவலை. தபால் பெட்டியிலிருந்து செக்கைத் திருடி, மையை ரசாயனத்தில் கழுவிவிட்டு வேறு பெயரும் தொகையும் எழுதுகிறார்களாம், ஜெல் பேனா மை என்றால் அவ்வளவு லேசில் போகாதாம். ஆக ஜெல் பேனா தேடி அரை மணி நேரம். ஸ்டாம்ப் தேடி இன்னொரு அரை மணி. ஸ்டாம்ப் கிடைத்தது, கிறிஸ்துமஸ் மரம் போட்டது, நடுக் கோடைகாலத்தில்.

செக் எண் 109. இந்தத் தடவை பையனை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் பக்கத்தில் நிற்க விட்டேன். இருபது எழுதினேன், ஆறு எழுதினேன், கோடு இழுத்தேன், கையெழுத்துகூட ஒரே மூச்சில் வந்துவிட்டது. கவருக்குள் போட்டு, பசையை நக்கி ஒட்டியும் ஆயிற்று.

"அப்பா, இப்போ பேசலாமா?"

"பேசு."

"ட்வென்ட்டிக்கும் சிக்ஸுக்கும் நடுவுல ஒரு சின்னக் கோடு போடணும்."