யூக்கான் நாட்குறிப்பு: மாமத்தும் அணில் வளையும்

ஜூலை 8, 2024, திங்கள். வைட்ஹார்ஸ்

வைட்ஹார்ஸ், கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூக்கான் பிரதேசத்தின் தலைநகர். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பெரிஞ்சியா காட்சியகம். காலையில் உள்ளே போனவன் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வெளியே வந்தேன்.

பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சைபீரியாவும் அலாஸ்காவும் யூக்கானும் அப்போது ஒரே நிலம். அந்த நிலத்துக்குத்தான் பெரிஞ்சியா என்று பெயர். கனடாவின் பெரும்பகுதி பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தபோது யூக்கானின் வடக்கும் மேற்கும் மட்டும் வெற்று நிலமாகவே இருந்தன. குளிருக்குக் குறைவில்லை, ஈரம்தான் இல்லை. பசிபிக்கிலிருந்து வந்த ஈரக்காற்றைச் செயின்ட் எலையாஸ் மலைகள் மறித்துவிட்டன. பள்ளியில் படித்த மழை மறைவுப் பிரதேசமேதான். மழைக்குப் பதில் பனி, அவ்வளவுதான் வித்தியாசம். பனி போர்த்தாத அந்த மண்ணில் புல் முளைத்தது. மாமத் என்ற ரோம யானை, குதிரை, காட்டெருது எல்லாம் அதை மேய்ந்தன.

ஜூலை 10, புதன். டாசன் போகும் வழியில்

கிளோண்டைக் நெடுஞ்சாலையில், கார்மாக்ஸ் பக்கம், சாலைக்காக வெட்டிய மேட்டில் புல்வேருக்குச் சற்றுக் கீழே வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது. இறங்கித் தொட்டுப் பார்த்தேன். விரலில் மாவாக ஒட்டியது. அலாஸ்கா எல்லையோரம் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல் அது. இதே சாம்பலின் துகள்களைக் கிரீன்லாந்துப் பனியிலும் அயர்லாந்தின் கரிச்சேற்றிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தெற்கு யூக்கான் மலைகளில் கோடையிலும் கரையாத பனித்திட்டுகள் உண்டு. பூச்சிக்கடி தாங்காமல் காரிபு மான்கள் அதன்மேல் ஏறி நிற்கும். அங்கே போனால் மான் கிடைக்கும் என்று வேட்டைக்காரர்களுக்கும் தெரியும். 1997-இல் அப்படி ஒரு திட்டு உருகியபோது மான் புழுக்கைகள் அடுக்கடுக்காக வெளியே வந்தன. கூடவே, கோலில் வைத்து வீசும் பழைய ஈட்டியின் துண்டும் கிடைத்தது. பிறகு பல திட்டுகளிலிருந்து இப்படிப்பட்ட கருவிகளைச் சேகரித்தார்கள். பழையவை 9,000 ஆண்டுகளைத் தொடுகின்றன. ஈட்டி மறைந்து வில்லும் அம்பும் வந்ததும் ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்புதான். சாம்பலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சாம்பல் கொட்டிய நாட்டில் மானும் மனிதரும் இருந்த இடத்திலேயே இருந்திருக்க முடியாது.

ஜூலை 12, வெள்ளி. டாசன்

தங்கம் எடுக்கும் ஒருவர் தன் ஓடையைப் பார்க்க அனுமதித்தார். தங்கம் அடியில், சரளையில் இருக்கிறது. அதன்மேல் பல மீட்டர் உறைந்த கறுப்பு வண்டல், காற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய தூசு. பெரிய குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அதைக் கரைக்கிறார்கள். பல வருடம் தூர்வாராத குளத்தைக் கலக்கினால் எழுமே, அந்த நாற்றம். உறைந்து கிடந்த பழைய புல்லும் வேரும் இப்போதுதான் அழுக ஆரம்பிக்கின்றன.

கரையோரம் எலும்புகளைத் தனியே குவித்து வைத்திருந்தார். பெரும்பாலும் காட்டெருது. கோடையில் யூக்கான் அரசின் தொல்லுயிரியல் குழு வந்து எடுத்துப் போகுமாம். இங்கே பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் இப்படித் தொழிலாளர் கையில் முதலில் பட்டவைதான். 2016-இல் கிடைத்த ஓநாய்க்குட்டி 57,000 ஆண்டுகள் பழையது, ரோமமும் தோலும் அப்படியே. 2022 ஜூன் 21 அன்று யுரேக்கா ஓடையில் மாமத் குட்டி ஒன்று முழுதாகக் கிடைத்தது. 30,000 ஆண்டுக்கும் மேற்பட்டது. இது ட்ரொன்டெக் ஹ்வெச்சின் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களின் பெரியவர்கள் வந்து வணங்கி, நுன் சோ கா என்று பெயர் வைத்தார்கள். ஆய்வுக்கு முன் அது நடந்ததுதான் சரி.

ஜூலை 13, சனி

எல்லாரும் மாமத்தைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது தரை அணில்.

வண்டலை வெட்டும்போது பழைய அணில் வளைகள் தட்டுப்படும். உள்ளே புல் மெத்தை, குளிர்காலத்துக்குச் சேர்த்த விதைகள், சில நேரம் அணிலே. 2018-இல் கிடைத்த 30,000 ஆண்டுப் பழைய அணில் வெறும் ரோமப் பந்தாகத்தான் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே எலும்புக்கூடு சுருண்டு படுத்திருந்தது.

அந்த விதைகள் என்ன புல், என்ன பூண்டு என்று பிரித்துப் பார்த்தால், மாமத் மேய்ந்த நாட்டின் பட்டியலே கைக்கு வந்துவிடும். ஒரு தந்தம் அதைச் சொல்லாது. இன்னொன்றும் உண்டு. இன்று இந்தப் பள்ளத்தாக்குகளில் தரை அணில் வாழ்வதில்லை. வளை தோண்ட முடியாது. கோடையிலும் கொஞ்ச ஆழத்திலேயே உறைமண் தட்டும். அப்படியென்றால் அதைவிடக் குளிரான பனியுகத்தில் எப்படித் தோண்டியது? அன்று மேலே பாசி இல்லை. உலர்ந்த புல் தரையில் வெயில் நேராக உறைத்து மண் ஆழமாக இளகியது. இன்று கம்பளம் விரித்த மாதிரி பாசியும் ஊசியிலை மரக் காடும் மூடி, அடியில் குளிரைக் காக்கின்றன. குளிர் நாடு என்றால் ஒரே மாதிரிக் குளிர் இல்லை என்பது ஒரு அணில் வளையிலிருந்து எனக்குப் புரிந்தது.

ஜூலை 15, திங்கள்

மழை. அறையிலேயே இருந்து புளூஃபிஷ் குகைகள் பற்றிப் படித்தேன். இங்கிருந்து வெகு வடக்கே, ஓல்ட் குரோ ஊருக்குத் தென்மேற்கே இருக்கின்றன. சாலை கிடையாது.

1977 முதல் 1987 வரை தொல்லியலாளர் ஜாக் சேங்-மார் அங்கே தோண்டினார். மனிதர் வெட்டிய தடமுள்ள எலும்புகள் 20,000 ஆண்டுக்கும் பழையவை என்றார். அமெரிக்கக் கண்டங்களுக்கு மனிதர் வந்தது சுமார் 13,000 ஆண்டுக்கு முன்புதான் என்று தொல்லியல் துறை உறுதியாக நம்பிய காலம். யாரும் ஏற்கவில்லை. எலும்புகள் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 2017-இல் லொரியான் பூர்ஷோன் என்ற ஆய்வாளரின் குழு சுமார் 36,000 எலும்புத் துண்டுகளைத் திரும்பப் பார்த்தது. நாக்கை அறுத்தெடுத்த கோடுகள் உள்ள ஒரு குதிரைத் தாடை சுமார் 24,000 ஆண்டுப் பழையது என்று தெரிந்தது. சந்தேகிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனாலும் அதைக் கேட்க சேங்-மார் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு நிம்மதி.

ஜூலை 17, புதன்

இன்று கடைசியாக ஒன்றை எழுதிவைக்க வேண்டும். எலும்பே இல்லாமல், வெறும் சேற்றிலிருந்து டிஎன்ஏ எடுக்கிறார்கள். மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் உறைபெட்டியில் வருடக்கணக்கில் கிடந்த, டாசனைச் சுற்றியுள்ள கிளோண்டைக் பகுதியின் மண் மாதிரிகளை ஆராய்ந்து 2021-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். மாமத்தும் குதிரையும் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரைகூட இங்கே கொஞ்சம் பிழைத்திருக்கலாம் என்கிறது அது. பழைய மண் கரைந்து புதிய அடுக்கில் படிந்திருக்கும், அதன் டிஎன்ஏதான் இது என்று மறுப்பவர்களும் உண்டு. இங்கே கிடைத்த மாமத் எலும்புகள் அதற்கு வெகு முந்தியவை. அந்தக் காலத்து எலும்பு ஒன்று கிடைத்தால் வாதம் முடிந்துவிடும். உறைமண் உருகும் வேகத்தில், ஏதாவது ஒரு ஓடையில் அது வெளியே வரலாம். பார்த்து எடுக்க அங்கே ஆள் இருக்க வேண்டும். அந்தக் கோடைக் குழுவுக்கு இன்னும் நாலு பேரைச் சேர்க்கப் பணம் கொடுக்கலாம்.