அத்தை இல்லாத அந்தியூர் சந்தை

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் அத்தைக்கு இருப்புக் கொள்ளாது. அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவான நோம்பி எந்த வாரம், குதிரைகள் வந்து இறங்கிவிட்டனவா என்று பவானிப் பக்கத்துச் சொந்தக்காரர்களை எல்லாம் போனில் துளைத்து எடுப்பார். சாமியும் கும்பிடுவார்தான். ஆனால் கோயிலில் இருக்கிற நேரத்தைவிடக் குதிரைச் சந்தையில் இருக்கிற நேரம் பல மடங்கு.

போன மார்கழியில் அத்தை போய்விட்டார். இந்த ஆடிக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து மாமா ஒருமுறைகூட அந்தச் சந்தைக்கு வந்ததில்லை. "குதிரையும் கழுதையும் எனக்கு ஒண்ணுதான்" என்பது அவர் கட்சி.

ஈரோட்டிலிருந்து பவானி வழியாக அந்தியூர் 30 கிலோமீட்டர் சொச்சம். கோயில் ஊரை ஒட்டிய புதுப்பாளையத்தில் இருக்கிறது. நோம்பி சமயத்தில் கூட்டம் அப்படி நெரியும் என்பதால் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போவதே புத்திசாலித்தனம். மாட்டுச் சந்தையைத் தாண்டித்தான் குதிரைகளிடம் போக முடியும். செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு பர்கூர் மலை மாடுகள், அந்தப் பக்கம் காங்கேயம் காளைகள், எருமைகள், ஆடுகள். திப்பு சுல்தான் காலத்தில் படைக்குக் குதிரை பிடிக்க இங்கேதான் வருவார்கள் என்று சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அத்தைக்கு இந்தக் கிறுக்கு அவருடைய அப்பாவான எங்கள் அப்பாருவிடமிருந்து வந்தது. அவர் ஈரோடு ஜங்ஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். குதிரைக்குக் கொள்ளு வேகவைப்பது அத்தையின் வேலை. "பாதி அதுக்கு, பாதி எனக்கு. அதனாலதான்டா மாப்ள எனக்கு இந்த வயசுலயும் முழங்கால் வலி இல்லை" என்பார். ஆட்டோக்கள் பெருகி ஜட்கா ஓய்ந்ததும் அப்பாரு குதிரையை விற்றுவிட்டார். அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். அத்தை அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

சந்தைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது காதை. மார்வாரி, கத்தியவார் என்ற இரண்டு ஜாதிக் குதிரைகளுக்குமே காது நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். நல்ல ஜாதிக் குதிரை காதை விறைத்தால் இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடும். அப்புறம் சுழி, அதாவது உடம்பில் மயிர் சுழன்றிருக்கிற இடம். கழுத்தில் இருந்தால் யோகம், கண்ணுக்குக் கீழே இருந்தால் ஆகாது. அத்தைக்கு இதில் பாதி நம்பிக்கைதான், ஆனால் விலையைக் குறைக்க வசதி என்பதால் முழுசாக நம்புகிற மாதிரி நடிப்பார்.

பல் விஷயத்தில் மட்டும் விளையாட்டு கிடையாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குதிரையின் பக்கவாட்டில் நின்று, கழுத்தைத் தட்டிக்கொடுத்துப் பேசிக்கொண்டே உதட்டைத் தூக்கிவிடுவார். குதிரைக்கு இரண்டரை வயதுவாக்கில் நடுவில் இருக்கும் பால்பற்கள் விழுந்து புதுப்பல் வரும். ஐந்து வயதுக்குள் முன்பல் எல்லாம் மாறிவிடும். அதற்கப்புறம் பல்லின் மேல்பக்கக் குழி தேயத் தேய வயது கூடிக்கொண்டே போகும். "நாலு வயசுங்களா? இதுக்கு என் மருமகளைவிட வயசு அதிகம்" என்று ஒருதடவை சத்தமாகச் சொல்லிவிட்டார். விற்க வந்தவரே சிரித்துவிட்டார்.

இங்கே விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, எதிராளியின் விரலைப் பிடித்துக் காட்டுவார்கள். இத்தனை விரல் என்றால் இத்தனை ஆயிரம், இத்தனை லட்சம். பொம்பளைகள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள். அத்தை போய்க் கையை நீட்டினால் தரகர்கள் நெளிவார்கள். "விரலைத்தானுங்க கேட்டேன், கழுத்தையா கேட்டேன்?" என்பார். பேரம் முற்றி, முடியப்போகிற நேரத்தில், "சரிங்க, அடுத்த ஆடிக்கு முடிச்சுக்கலாம்" என்று எழுந்துவிடுவார். அவர் வாங்கியதெல்லாம் ஒரு சலங்கைப் பட்டைதான். அதையும் தன் டி.வி.எஸ் ஐம்பதில் கட்டிக்கொண்டு தெருவே எழுந்திருக்கிற மாதிரி ரேஷன் கடைக்குப் போய்வந்தார்.

இந்தத் தடவை மேளத்துக்கு ஆடிய வெள்ளைக் குதிரை ஒன்றைச் சுற்றிக் கூட்டம் நின்றது. முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி, தாளம் தப்பாமல் ஆடியது. அத்தை இருந்திருந்தால் மேளக்காரருக்கு முன்னால் நின்று அவரும் ஆடியிருப்பார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மாமா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் ஒரு தரகர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அந்த அம்மிணி வரலீங்களா?" விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சநேரம் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "என்கிட்ட ஒரு வெலைய முடிக்காமயே போயிட்டாங்களேங்க" என்றார். மாமாவைப் பார்த்து, "வீட்டுக்காரருங்களா? அப்ப நீங்க முடிங்க" என்று துண்டை உதறி நீட்டிவிட்டார்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கை கொடுக்கிறார் போல என்று நினைத்து, துண்டுக்குள் கையை விட்டு அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார்.

"அஞ்சு லட்சம்! முடிஞ்சுது!" என்று தரகர் கத்த, சுற்றி நின்றவர்கள் எல்லாம் கைதட்ட, மாமா கையை உருவிக்கொள்ளப் பார்க்க, அவர் விடவே இல்லை. கடைசியில் எல்லாருக்கும் டீ என்று பேசி முடித்தோம். காசு மாமாதான் கொடுத்தார்.