விறாந்தையில இருந்து கேட்ட வழக்கு

எங்கட ஹொஸ்டல்ல எழுபதுகளில சைவப் பெடியள்தான் கூட. மிஷன் பள்ளிக்கூடம் எண்டாலும் திருநீறு பூசிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவம், ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை. ஆனா பின்னேரம் மணி அடிச்சா எல்லாரும் செபத்துக்கு வரோணும், உள்ளுக்க வாங்கில இருக்கிறதோ வெளி விறாந்தையில இருக்கிறதோ அவரவர் விருப்பம் எண்டு வோர்டன் மாஸ்டர் சொல்லிப்போட்டார். நான் கன காலம் விறாந்தையிலதான், மற்றாக்களின்ர கோயிலுக்குள்ள போய் இருக்காத எண்டு அப்பாச்சி சொல்லி அனுப்பினவா. மாஸ்டர் உள்ளுக்க வா எண்டு ஒரு நாளும் கூப்பிடேல்ல. ஆனா ஒரு தவணை முழுக்க எங்கட பக்கம் பாத்துத்தான் பைபிள் வாசிச்சவர், "தம்பியவை, வெளியில நிக்கிறவனை உள்ளுக்க விடுறதோ இல்லையோ எண்டு இந்தப் புத்தகத்துக்குள்ளேயே ஒரு வழக்கு நடக்குது, கேளுங்கோ" எண்டு.

ரெண்டு பத்தியாப் பிரிச்சு ரோனியோ அடிச்ச தாள் ஒண்டும் தந்தவர். இடப்பக்கம் உபாகமம் 23, பக்கத்து நாட்டு ஆக்களான அம்மோனியனும் மோவாபியனும் பத்தாம் தலைமுறையிலயும் கர்த்தருடைய சபைக்குள்ள வரக்கூடாது. அதுக்குக் கீழ எசேக்கியேல் 44, விருத்தசேதனமில்லாத, அதாவது சுன்னத்துச் செய்யாத அந்நியர் பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள வரப்படாது. பிறகு நெகேமியா 13, ஆசாரியன் எலியாசிப் கோயில் வளவுக்குள்ள தொபியா எண்ட அம்மோனியனுக்கு ஒரு அறை குடுத்திருக்கிறார், நெகேமியா வந்து பாத்துக் கோவத்தில அந்தாளின்ர தட்டுமுட்டுச் சாமான் எல்லாத்தையும் வெளியில எறிஞ்சுபோட்டு அறையளைச் சுத்தம் பண்ணச் சொல்லுறார். வலப்பக்கம் ரூத், மோவாபியப் பொம்பிளை, விதவை. அவவின்ர மகன் ஓபேத், அவருக்கு ஈசாய், ஈசாய்க்குத் தாவீது, தாவீதுக்குச் சாலொமோன். மாஸ்டர் விரலை மடிச்சு எண்ணிக் காட்டுவார், நாலு தலைமுறைதான் வருது, பத்தாம் தலைமுறை எண்டு எழுதியிருக்க எருசலேம் கோயிலைக் கட்டினவரே மோவாபியக்காரியின்ர வழி! பிற்காலத்து ரபிமார், யூத மத குருமார், அந்தச் சட்டம் ஆம்பிளையளுக்கு மட்டும்தான் எண்டு தீர்த்தவை, அதையும் மறைக்காமச் சொன்னவர். அந்தச் சாலொமோனே கோயில் பிரதிஷ்டையில (1 இராஜாக்கள் 8) தூர தேசத்தில இருந்து வாற அந்நியன் இந்த வீட்டுக்கு நேராக் கும்பிட்டாலும் நீர் கேட்டு அவன் கேக்கிறதைச் செய்யும் எண்டு வேண்டுறார்.

தாளின்ர கடைசியில ஏசாயா 56. மோசேயின்ர சட்டத்தில வெளியில நிப்பாட்டின ரெண்டு பேரை, அந்நியனையும் அண்ணகனையும் (ஆண்மை நீக்கப்பட்டவன்), பேர் சொல்லிக் கூப்பிடுற அதிகாரம் அது. அண்ணகன் தன்னைப் பட்டமரம் எண்டு சொல்லாமல் இருக்கட்டும், அந்நியன் கர்த்தர் தன்னைப் பிரிச்சுப்போடுவார் எண்டு சொல்லாமல் இருக்கட்டும், "என்னுடைய வீடு சகல ஜனங்களுக்கும் ஜெபவீடு எனப்படும்". இயேசு கோயில்ல வியாபாரியளைக் கலைக்கேக்க சொன்னதும் இந்த வசனம்தான், ஆனா "சகல ஜனங்களுக்கும்" எண்ட பகுதியை மாற்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார், மத்தேயுவிலயும் லூக்காவிலயும் அது இல்லை. அந்த வியாபாரம் நடந்தது அந்நியர் நிண்டு கும்பிடக்கூடிய ஒரே இடமான வெளிப் பிராகாரத்தில எண்டுதான் கனபேர் சொல்லுவினம், அதை வாசிக்கேக்க எனக்கு எங்கட விறாந்தைதான் ஞாபகம் வரும்.

நெகேமியாவைக் கொடுமைக்காரன் எண்டு தள்ள எனக்கு மனமில்லை. பாபிலோனுக்குப் போய்த் திரும்பி வந்த ஒரு சின்னச் சனம், பிள்ளையளுக்கு யூத பாஷை வருகுதில்லை எண்டு அதே அதிகாரத்திலேயே அவர் அழாக்குறையாச் சொல்லுறார். டொரொன்டோவில சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போற எங்களுக்கு அந்தப் பயம் விளங்காம விடாது. ஆனா பயத்தில எழும்பின வேலி உயரமாகிக்கொண்டு போய் எங்க முடிஞ்சது எண்டதை நான் கண்ணால பாத்தனான்.

இஸ்தான்புல் தொல்லியல் மியூசியத்தில ஒரு சுண்ணாம்புக்கல் பலகை இருக்கு. ஏரோது புதுப்பிச்ச எருசலேம் ஆலயத்தில வெளிப் பிராகாரத்தையும் உள் பக்கத்தையும் பிரிச்ச மூண்டு முழ உயரக் கல்வேலி ஒண்டு நிண்டது, அதில இடைக்கிடை கிரேக்கத்திலயும் லத்தீன்லயும் எச்சரிக்கைப் பலகையள் இருந்தது எண்டு அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அதில ஒண்டைத்தான் 1871இல கிளெர்மோன்-கன்னோ எண்ட பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தவர், எருசலேம் அப்ப ஒட்டோமான் ஆட்சியில இருந்தபடியா கல்லும் இஸ்தான்புல்லுக்குப் போச்சுது. ஏழு வரி, சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லாம பெரிய பெரிய கிரேக்க எழுத்தா நெருக்கி வெட்டியிருக்கு. அந்நியர் ஒருத்தரும் இந்த வேலிக்கு உள்ள போகப்படாது, பிடிபடுறவன் தனக்கு வாற சாவுக்குத் தானே பொறுப்பு, இவ்வளவும்தான் விஷயம். எருசலேம் மியூசியத்தில இருக்கிற உடைஞ்ச துண்டில எழுத்துக்குள்ள சிவப்புப் பூசின அடையாளம் இன்னும் கிடக்காம்.

அப்போஸ்தலர் 21ஐ அந்தக் கல்லுக்கு முன்னால நிண்டு நினைச்சுப் பாருங்கோ. இயேசுவின்ர அப்போஸ்தலர் பவுல், யூதரல்லாத எபேசு பட்டணத்துத் துரோப்பீமுவை உள்ளுக்க கூட்டிக்கொண்டு வந்திட்டார் எண்டு சனம் தவறா நினைச்சுக் கொல்ல வந்தது இந்த வேலியாலதான், கோயில் கதவெல்லாம் உடனே சாத்துப்பட்டுது, ரோமப் படை வந்துதான் காப்பாத்தினது. கிட்டத்தட்ட ஒரு பத்து வருஷத்தில, கி.பி. 66இல, எலெயாசர் எண்டவர் அந்நியரிட்ட இருந்து காணிக்கையோ பலியோ இனி வாங்கப்படாது எண்டு ஆசாரியரைச் சம்மதிக்க வைச்சார், ரோமரோட போருக்கு அத்திவாரம் போட்டது அதுதான் எண்டு யோசேபஸ் சொல்லுறார். 70இல கோயிலே இல்லை, வேலியும் இல்லை.

மாஸ்டருக்கு மிச்சம் பிடிச்ச ஆள் அப்போஸ்தலர் 8இல வாற எத்தியோப்பிய மந்திரி. கந்தாகே ராணியின்ர பொக்கிஷக்காரர், கும்பிட எண்டு எருசலேம் மட்டும் வந்தவர், அந்நியரும் அவர்தான் அண்ணகரும் அவர்தான். திரும்பிப் போகேக்க ரதத்தில இருந்து ஏசாயா 53 வாசிக்கிறார். இன்னும் மூண்டு அதிகாரம் தள்ளினா தன்னைப் பற்றியே எழுதியிருக்கும் எண்டு அவருக்குத் தெரியுமோ எண்டு மாஸ்டர் கேட்ட அண்டைக்குத்தான் நான் செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்க போய் வாங்கில இருந்தனான். இண்டைக்கும் நான் சைவன்தான், மாஸ்டரும் அதை மாத்த நினைச்சதில்லை.

துருக்கிப் பக்கம் போற பழைய மாணவர்கள் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லைக் காட்டுங்கோ, போக முதல் 1 இராஜாக்கள் 8ஐயும் ஏசாயா 56ஐயும் வாசிச்சுக் காட்டிப்போட்டுப் போங்கோ. ஆரிட்டயாவது மாஸ்டர் தந்த அந்த ரோனியோத் தாள் இருந்தா மலர்க்குழுவுக்கு ஒரு கொப்பி அனுப்புங்கோ, என்ர தாள் 95 இடப்பெயர்வோட போட்டுது.