போர் வண்டியைத் திருப்பி அனுப்பிய நாள்

கோயமுத்தூருக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம். ரோட்டோரமாக இருந்த ஷெட்டை அப்பா ஒரு பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பம்ப்செட் உதிரி பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அங்கே டிரைக்ளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் டி.சி.இ. கழுவிக் கழுவி அழுக்கானதை ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் ஊற்றி வந்திருக்கிறார்கள். பதினெட்டு வருடம். அவர்கள் காலி செய்துபோன பிறகு ஒருநாள், தண்ணீர் காய வைக்கும்போது இனிப்பாக ஒரு வாடை வருகிறது என்று அம்மா சொன்னார்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு பழைய கேனில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். உப்பு, கடினத்தன்மை எல்லாம் வந்தது, கரைப்பான் மட்டும் ஏதுமில்லை. உண்மையில் நான் தண்ணீர் பிடித்த விதம்தான் தவறு. டி.சி.இ. காற்றுப் பட்டாலே ஆவியாகிப் போகும். 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். அதோடு, எந்தப் பொருளைத் தேட வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டாவது தடவை அப்படிக் கொடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது.

அமெரிக்காவில் குடிநீரில் இதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு லிட்டர் டி.சி.இ. 29 கோடி லிட்டர் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுபோய்விடும். எங்கள் கிணறு வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. மனிதருக்குப் புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வகைப்படுத்தியிருக்கிறது. அன்றைக்கே குடிப்பதை நிறுத்தினோம். வெந்நீர்க் குளியலையும் நிறுத்தச் சொன்னார்கள். அடைத்த குளியலறையில் ஆவியோடு சேர்ந்து அது மூச்சில் போகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் தேங்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். மாசு என்றால் நிறம் இருக்கும் என்றே மனதில் பதிந்திருந்தது. இந்தத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

நம் பக்கத்தில் கிணறு கெட்டால் உடனே போர்தான். மச்சான் போர் வண்டிக்குச் சொல்லிவிட்டார். ஆயிரம் அடி. வண்டி வந்து நின்ற காலையில்தான் நிலத்தடி நீர் நிபுணர் ஒருவரும் வந்திருந்தார்.

"ஆயிரம் அடிக்குக் கீழ நல்ல தண்ணி இருக்காதுங்களா?" என்று மச்சான் கேட்டார்.

"இருந்தாலும் கெட்டுப்போயிருமுங்க. மேல இருக்கறதுக்கு நீங்களே வழி வெட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

டி.சி.இ. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். எண்ணெய் போல மிதக்காமல் மூழ்கும். நம் ஊர் பாறையில் பிளவு பிளவாகக் கீழே இறங்கும். போரில் மேல்மண் வரைக்கும்தான் கேசிங் பைப் போடுகிறோம், பாறைக்குள் ஓட்டை திறந்தே கிடக்கிறது. மேலே எழுபது அடியில் நிற்கும் விஷம் அந்த ஓட்டை வழியாக ஒரே நாளில் அடியாழத்துக்குப் போய்விடும். அங்கிருந்து எடுக்க வழியே இல்லை. வண்டிக்கு வந்துபோன கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். இதற்காகச் செலவழித்ததிலேயே மிகவும் பயன்பட்ட பணம் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்புறம் வேலை மெதுவாக நடந்தது. குழியைச் சுற்றி மண்ணைத் தோண்டி எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுமதி வாங்கி, அபாயக் கழிவாகக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பினோம். தோண்ட முடியாத ஆழத்தில் குழாய்களை இறக்கி, வேக்குவம் பம்ப் வைத்து மண்ணுக்குள் இருந்த ஆவியை உறிஞ்சி எடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரை விடாமல் இறைத்தோம், அது பக்கத்துத் தோட்டத்துக்கு நகராமல் இருக்க. இறைத்த தண்ணீரில் காற்றை ஊதி, பிறகு இரண்டு டிரம் கரியில் வடித்தோம். தேங்காய்த் தொட்டியைச் சுட்டுப் பக்குவப்படுத்திய கரி. நம் ஊர்ச் சரக்கு நம் கிணற்றுக்கே உதவியதில் எனக்கு ஒரு நிம்மதி.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். நிலத்தின் விலை விழும், சொல்லாதே என்று வீட்டிலேயே சொன்னார்கள். தண்ணீர் அவருடைய பக்கமாகத்தான் சரிகிறது. போய்ச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கட கெணத்துலயும் புடிச்சுக் குடு கண்ணு" என்றார். நல்லவேளை, அங்கே வரம்புக்குள்தான் இருந்தது.

அடுத்த கட்டமாகச் சர்க்கரை ஆலை மொலாசஸைக் கரைத்து நிலத்துக்குள் செலுத்தினார்கள். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அந்தச் சூழலில் வேறொரு வகை பாக்டீரியா டி.சி.இ.யிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். இதில் ஒரு கண்டம் உண்டு. பாதி வழியில் வினைல் குளோரைடு உண்டாகிறது, அது இன்னும் மோசம், கரியிலும் சரியாக ஒட்டாது. ஒரு அறிக்கையில் டி.சி.இ. இறங்கி அது ஏறியிருந்ததைப் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை. குளோரின் எல்லாம் கழன்று எத்திலீன் ஆனால்தான் முடிந்த மாதிரி. அதனால் யாராவது டி.சி.இ. அளவை மட்டும் காட்டி "சுத்தமாகிவிட்டது" என்றால் நம்பாதீர்கள், வினைல் குளோரைடு, எத்திலீன் அளவுகளையும் கேளுங்கள்.

பட்டறைக்காரரிடமிருந்து இதுவரை ஒரு ரூபாயும் வரவில்லை. வாடகைப் பத்திரத்தில் கழிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கிறது. அறிக்கைகளையும் பில்களையும் தேதிவாரியாகக் கோப்பில் வைத்து வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆறு இடத்தில் தண்ணீர் எடுக்கிறோம். ஐந்து இடம் வரம்புக்குள் வந்துவிட்டது. ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆறாவது குழாயில், மழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறும்போதெல்லாம் டி.சி.இ. அளவும் கூடவே ஏறுகிறது. குடிக்க இன்னும் லாரித் தண்ணீர்தான்.